புதுக் கத்திக்குப் பழைய தோற்றம்: வீட்டிலேயே கறையேற்றும் முறை

பழைய கத்தி முழுக்கக் கறுப்பாக இருக்காது. வீட்டில் பாட்டி காலத்து அரிவாள்மனை இருந்தால் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். சாணை பிடித்துப் பிடித்துத் தேய்ந்த வாய்ப்பக்கம் வெள்ளையாக மின்னும். அதற்கு மேலே, வாழைக்காயும் மாங்காயும் பட்டுப் பட்டு நீலம் கலந்த சாம்பல் நிறம். பலகையோடு சேரும் அடிப்பக்கத்தில், தேய்க்கும் நார் எட்டாத மூலை கன்னங்கரேலென்று இருக்கும். முதுகில் கை படும் இடம் முனை மழுங்கி வெளுத்திருக்கும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கடுமையான ஆசிட் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதில் கத்தியை முக்கி மொத்தமாகக் கறுக்க வைக்கிறார்கள். அப்படி வருவது பெயின்ட் அடித்த கத்தி மாதிரிதான் தெரியும். கறையேற்றுவது பாதி வேலை. ஏற்றிய கறையை எங்கே தேய்த்து எடுக்க வேண்டும் என்று பார்த்து எடுப்பது மீதிப் பாதி. என்னைக் கேட்டால் இரண்டாவது பாதிதான் முக்கியம்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். ஆதிச்சநல்லூரில் கிடைத்த இரும்புப் பொருட்கள் அங்கே இருக்கின்றன. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த ஆயுதங்களும் இருக்கின்றன. மண்ணுக்குள் கிடந்து அரித்த இரும்பு ஒரு விதம், கைபட்டுப் பழகிய இரும்பு இன்னொரு விதம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் நமக்கு வேண்டியது இரண்டாவது என்பது தெரிந்துவிடும்.

எந்தக் கத்தி எடுக்கலாம்

இந்த வேலைக்குக் கார்பன் ஸ்டீல்தான் சரி. ‘இரும்புக் கத்தி’ என்று சொல்லி விற்பது பெரும்பாலும் இதுதான். கொல்லுப்பட்டறைகளில் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்யும் கத்தியும் அரிவாளும் இந்த வகை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியம் 10.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கும். அது மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்கி, வினிகரோ எலுமிச்சையோ உள்ளே போகாமல் தடுத்துவிடும்.

காந்தம் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் ஸ்டெயின்லெஸ் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். தட்டு, டம்ளர் செய்யும் எவர்சில்வருக்கு அது ஓரளவு பொருந்தும். கத்திக்குப் போடும் ஸ்டெயின்லெஸ் வேறு ரகம்; சூடாக்கிக் கடினப்படுத்தும் அந்த ரகத்தில் காந்தம் நன்றாகவே ஒட்டும். எலுமிச்சைதான் நம்பகமான சோதனை. பிடிக்குப் பக்கத்தில், கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டுச் சாறு விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் துடையுங்கள். சாம்பல் நிறத்தில் வட்டம் விழுந்தால் கார்பன் ஸ்டீல். எதுவும் விழாவிட்டால் ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கலாம். மேலே வார்னிஷ் பூச்சோ எண்ணெயோ இருக்கவும் கூடும். அந்த இடத்தைக் கொஞ்சம் சுரண்டிவிட்டு இன்னொரு முறை பாருங்கள்.

முதல் முயற்சிக்கு மார்க்கெட் வாசல் பிளாட்பாரக் கடையிலோ பாரிமுனைப் பக்கத்து இரும்புக் கடையிலோ ஒரு சின்னக் காய்கறிக் கத்தி போதும். பெரிய வீச்சரிவாளிலேயே ஆரம்பிக்க வேண்டாம். வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவை போக, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிஜமாகவே பழைய கத்தி கையில் இருந்தால் இந்த வேலையை அதில் செய்யாதீர்கள். அதன் மேலே இருக்கும் கறைதான் அதன் வயசு. சிவப்புத் துருவை மட்டும் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு அப்படியே வைத்திருங்கள்.

துருவும் கறையும் ஒன்றல்ல

கத்தியில் வரும் சிவப்புத் துரு பொடிப்பொடியாக உதிரும். உதிர்ந்த இடத்தில் ஈரம் புகுந்து மேலும் அரிக்கும். நாம் ஏற்றப்போகும் கறை கறுப்பும் சாம்பலுமாக மேற்பரப்பில் இறுகிப் படிவது. அது துருவை முழுக்கத் தடுக்காது, ஆனால் வேகத்தைக் குறைக்கும். வாழைக்காய் நறுக்கினால் கத்தி கறுப்பதும் இந்த வகைதான்: காயிலுள்ள துவர்ப்புச் சத்தான டானின் இரும்போடு சேரும்போது கருநீலம் வருகிறது. நாட்டு மை தயாரித்தவர்கள் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்ததும் இதே ரசாயனம்தான். அன்னபேதி என்பது இரும்பு உப்பு. ஆக, புளிப்பு இரும்பை அரித்துச் சாம்பலாக்கும், துவர்ப்பு அதைக் கறுப்பாக்கும். கீழே வரும் வீட்டு முறைகள் எல்லாம் இந்த இரண்டில் அடங்கிவிடும்.

அலகைத் தயார்செய்தல்

இங்கே அவசரப்பட்டால் பின்னால் எதுவும் சரியாக வராது. முதலில் வாயின் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டிவிடுங்கள்; தேய்க்கும்போது விரல் போகாமல் இருக்கும். ஒரு பலகையின் மேல் கத்தியைப் படுக்கவைத்து, நகராதபடி பிடியைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் தேய்க்கும் உப்புத்தாள் கிடைக்கும். 220, 400, 600 என்ற எண்கள் மூன்றிலும் ஒவ்வொரு தாள் வாங்கிக்கொள்ளுங்கள். 220-இல் ஆரம்பித்து, அதன் கீறல்கள் முழுக்கப் போகும்வரை 400, அப்புறம் 600. அலகின் நீளவாக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே விழுந்த ஒரு கீறலை ஆசிட் மறைத்துவிடும் என்று நினைக்காதீர்கள்; அது கீறலை இன்னும் எடுப்பாகக் காட்டும். கண்ணாடிப் பளபளப்பு வரைக்கும் போக வேண்டாம், 600-க்கு மேல் போனால் கறை பிடிப்பது குறையும்.

பிடி மரமாக இருந்தால் அதையும் அலகு நுழையும் இடத்தையும் டேப்பால் சுற்றி, ஓரத்தில் நெயில் பாலிஷ் பூசி அடைத்துவிடுங்கள். மரத்துக்குள் ஆசிட் இறங்கினால் உள்ளே இருக்கும் வால்பகுதி வெளியே தெரியாமல் துருப்பிடித்துப் பிடி ஆட ஆரம்பிக்கும்.

அப்புறம் எண்ணெய்ப் பசை. பாத்திரம் கழுவும் லிக்விடைப் போட்டு இரண்டு முறை தேய்த்துக் கழுவி, அசிட்டோனோ ஐபிஏ என்கிற ஐசோபுரோபைல் ஆல்கஹாலோ தொட்டுப் பஞ்சால் துடையுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம்; பலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும். பசை போய்விட்டதா என்று பார்க்க அலகின் மேல் தண்ணீரை ஊற்றுங்கள். ஒரே படலமாகப் பரவி வழிந்தால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் அந்த இடத்தில் இன்னும் எண்ணெய் இருக்கிறது, மறுபடி தேய்க்க வேண்டும். இதற்குப் பிறகு வெறுங்கையால் அலகைத் தொடக் கூடாது. கட்டைவிரல் ரேகை அப்படியே வெள்ளையாகப் பதிந்து நிற்கும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையில் பல வீடுகளில் வருவது போர் தண்ணீர். அதில் உப்பு அதிகம். உப்புத்தான் சிவப்புத் துருவுக்கு முதல் நண்பன். கலக்குவதற்கும் கடைசியாகக் கழுவுவதற்கும் கேன் தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

வினிகர் முறை

முதல் முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் போதும். அலகு செங்குத்தாக நிற்கிற உயரத்தில் ஒரு பாத்திரம் வேண்டும். உயரமான கண்ணாடி டம்ளர் போதாவிட்டால், 2 அங்குல பிவிசி குழாயில் ஒரு துண்டு வெட்டி அடியில் மூடி ஒட்டினால் அருமையான தொட்டி கிடைக்கும். வினிகரைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் காய்ச்சி ஊற்றினால் வேலை வேகமாக நடக்கும். கொதிக்க விட வேண்டாம், அந்த ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். கத்தியையே அடுப்பில் காட்டும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 200 டிகிரிக்கு மேல் போனால் கொல்லர் வைத்த பதம் இறங்கி, கத்தி கூர் நிற்காமல் போய்விடும்.

கத்தியை இறக்கிய கொஞ்ச நேரத்திலேயே அலகின் மேல் பொடிக் குமிழிகள் வரிசையாக ஒட்டிக்கொள்ளும். அது ஹைட்ரஜன், பயப்பட வேண்டாம். குமிழி ஒட்டிய இடத்தில் வினிகர் படாது. அப்படியே விட்டால் புள்ளி புள்ளியாக வெளுத்திருக்கும். அதனால் அவ்வப்போது கத்தியை லேசாகத் தட்டிவிடுங்கள். அரை மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். மேலே கரி மாதிரி ஒரு மசி படிந்திருக்கும். அதைக் குழாயடியில் விரலால் வழித்துவிட்டால் அடியில் நிஜ நிறம் தெரியும். போதவில்லை என்றால் மறுபடி இறக்கலாம். மூன்று நான்கு முறை எடுத்து வழித்து இறக்கினால் வரும் சாம்பல், ஒரே மூச்சில் ராத்திரி முழுக்க ஊறவைத்து வருவதைவிட அழுத்தமாக ஒட்டி நிற்கும். ராத்திரி முழுக்க விட்டால், தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு ஆழமாக அரித்துப் போகிற ஆபத்தும் உண்டு.

ஒரே சீராக இருக்கிறதே, திட்டுத் திட்டாக வேண்டும் என்றால் ஊறவைக்காதீர்கள். டிஷ்யூ பேப்பரை வினிகரில் நனைத்துக் கசக்கி அலகைச் சுற்றி ஒட்டுங்கள். பேப்பர் ஒட்டிய இடம் ஒரு நிறம், மடிப்பில் காற்று நின்ற இடம் வேறு நிறம் என்று மேகம் போட்டதுபோல வரும். கெட்டியான புளிக்கரைசலை விரலால் தொட்டுத் தொட்டு வைத்தாலும் மென்மையான திட்டுகள் விழும். உப்பு சேர்த்த ஊறுகாய்ச் சாறு, உப்பு போட்ட எலுமிச்சை இவையெல்லாம் வேண்டாம். காரணம் மேலே சொன்னதுதான்.

கடுக்காயும் காபியும்

வினிகரில் சாம்பல் வந்த பிறகு அதன் மேல் கறுப்பேற்ற நினைத்தால் கடுக்காய். மயிலாப்பூரிலோ பாரிமுனையிலோ எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்று சொல்வார்கள். கத்திக்கு நஞ்சுக் கவலை இல்லை, ஆனாலும் துவர்ப்பு அதிகம் இருப்பது தோலில்தான் என்பதால் கொட்டையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் இடித்துக்கொள்ளுங்கள். இரண்டு கைப்பிடித் தோலை அரை லிட்டர் தண்ணீரில் கொதிக்கவிட்டு, பாதியாகச் சுண்டியதும் வடிகட்டி ஆறவிடுங்கள். வினிகரில் ஊறிய கத்தியைத் தண்ணீரில் ஒரு அலசு அலசி, காய்வதற்கு முன்பே இதில் இறக்குங்கள். சாம்பல் மெல்லக் கருநீலமாக மாறுவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். அந்த நிறம் வேறு எதிலும் வராது. சட்டையில் தெறித்தால் போகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடுக்காய் கிடைக்காத இடத்தில் இன்ஸ்டன்ட் காபி. தாராளமாகத் தூளைப் போட்டு, கூழாகாமல் கெட்டியாகக் கலக்கிச் சில மணி நேரம் ஊறவைத்தால் பழுப்பு கலந்த கறுப்பு வரும். ஃபில்டர் டிகாஷனை இதற்கு வீணாக்க வேண்டாம், அது குடிப்பதற்கு.

ஃபெர்ரிக் குளோரைடு

வீட்டு முறையில் கை பழகிய பிறகு இதற்கு வாருங்கள். மவுன்ட் ரோடு பக்கத்து ரிச்சி தெருவில், எலக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் சர்க்யூட் போர்டு அரிப்பதற்கு வாங்கும் அதே சரக்குதான். கட்டியாகவோ பொடியாகவோ கரைசலாகவோ கிடைக்கும். டமாஸ்கஸ் கத்திகளில் வரிவரியாக ஓடும் கோலத்தை வெளிக்கொண்டுவருவதும் இதுதான். வினிகருக்கு அரை மணி என்றால் இதற்குச் சில நிமிடங்கள்.

ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். மொட்டைமாடியிலோ காற்றோட்டமான பால்கனியிலோ வைத்துச் செய்யுங்கள், சமையலறையில் வேண்டாம். மொசைக் தரையில் ஒரு சொட்டு விழுந்தாலும் மஞ்சள் கறை நிரந்தரம். கீழே பழைய பிளாஸ்டிக் ஷீட் விரியுங்கள். பாத்திரம் கண்ணாடியாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றினால் கிண்ணமே அரித்துப்போகும்.

கடைக் கரைசல் ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று முதல் நான்கு பங்கு. தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு அதில் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். பொடியாக இருந்தால் கரையும்போது நன்றாகச் சூடேறும், ஆறிய பிறகே கத்தி. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். நிறம் வந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். அளவுக்கு மீறினால் வாய் மெலிந்து மழுங்கும், அலகு சொரசொரப்பாகிவிடும். சொரசொரப்பில் சாப்பாட்டுத் துணுக்கு தங்கும் என்பதால், இந்த முறையில் செய்ததை அலங்காரத்துக்கு வைத்துக்கொண்டு, சமையல் கத்திக்கு வினிகரையும் கடுக்காயையும் பயன்படுத்துவதே என் வழக்கம்.

பாத்ரூம் ஆசிட் பக்கமே போக வேண்டாம். அதன் புகை பக்கத்தில் இருக்கும் திருகுளி, ஸ்பானர், கிரில் கதவு வரை எல்லாவற்றையும் துருப்பிடிக்க வைக்கும். பிளீச்சிங் பவுடரை ஆசிடோடோ வினிகரோடோ சேர்த்தால் குளோரின் வாயு வரும். அது உயிருக்கே ஆபத்து.

நிறுத்துவதும் காயவைப்பதும்

எந்த முறையானாலும் நிறம் வந்ததும் ஆசிடை நிறுத்த வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நான்கு ஸ்பூன் ஆப்பசோடாவைக் கரைத்து, கத்தியை அதில் சில நிமிடங்கள் போட்டுவையுங்கள். பிடி ஓரத்தில் பஞ்சால் நன்றாகத் தேயுங்கள், அங்கேதான் மிச்சம் ஒளிந்திருக்கும். கேன் தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி, உடனே ஹேர் டிரையரில் காயவையுங்கள். ‘அப்புறம் துடைத்துக்கொள்ளலாம்’ என்று ஐந்து நிமிடம் விட்டால் போதும், ஐப்பசி கார்த்திகையில் சென்னைக் காற்றில் கண்முன்னே செம்பழுப்பு ஏறிவிடும். ஏறிவிட்டாலும் பரவாயில்லை, எண்ணெய் தொட்ட துணியால் உடனே துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். காய்ந்ததும் எண்ணெய் பூசி ஒரு நாள் விட்டுவிடுங்கள். அடுத்த நாள் கறை இன்னும் கொஞ்சம் இறுகியிருக்கும்.

தேய்த்து எடுத்தல்

இப்போது கையில் இருப்பது சீராகக் கறுத்த, கொஞ்சம் செயற்கையான ஒரு கத்தி. அதைப் பழையதாக்கப் போவது பச்சை நிற ஸ்காட்ச் பிரைட் நாரும் 1000 வாட்டர் பேப்பரும்தான்.

இந்தக் கத்தி இருபது வருஷம் புழங்கியிருந்தால் எங்கெங்கே தேய்ந்திருக்கும் என்று யோசியுங்கள். ஆள்காட்டி விரல் அழுத்தும் முதுகு, பலகையில் இடிபடும் நுனி, சாணைக்கல் படும் வாயோரம். முதுகின் இரண்டு கூர் விளிம்புகளையும் 400 பேப்பரால் லேசாக மழுக்குங்கள். புதுக் கத்தியைக் காட்டிக்கொடுப்பது நிறத்தைவிட அந்தக் கூர் விளிம்புதான். பிறகு 1000 பேப்பரை விரல்நுனியில் சுற்றிக்கொண்டு, விரல் படும் இடத்தில் மட்டும் உலோகம் எட்டிப்பார்க்கும் அளவுக்குத் தேயுங்கள். நாரில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அலகின் நடுப்பகுதியில் நீளவாக்கில் நாலு இழுப்பு. பிடிக்குப் பக்கத்து மூலையைத் தொடவே வேண்டாம், கறுப்பாகவே இருக்கட்டும். நுனியிலும் வாயோரத்திலும் நிறம் சட்டென்று வெட்டிவிட்டதுபோல மாறக் கூடாது. கறுப்பு, சாம்பல், வெள்ளை என்று மங்கி மங்கிப் போக வேண்டும்.

அதிகமாக எடுத்துவிட்டால் கவலை இல்லை. அந்த இடத்தில் மட்டும் பசை போகத் துடைத்து, வினிகர் தொட்ட பஞ்சை வைத்து மறுபடி கறையேற்றலாம். இரண்டு மூன்று சுற்று இப்படி ஏற்றி இறக்கினால்தான் ஒரு கறையின் மேல் இன்னொரு கறை படிந்த ஆழம் வரும். எட்டடி தள்ளி வைத்துப் பாருங்கள். பிறகு கையில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். இரண்டிலும் சரியாகத் தெரிந்தால் நிறுத்திவிடலாம்.

சாணை பிடிப்பது கடைசி வேலை. தெருவில் சைக்கிளில் வருகிறவரிடம் கொடுத்தால் சுழலும் கல்லில் அலகின் கால்வாசியை வெள்ளையாக்கிவிடுவார். அவருடைய பழக்கம் அப்படி. வீட்டிலேயே தட்டைச் சாணைக்கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டுங்கள். வாயோரத்தில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு விழும், பழைய கத்திகளில் இருப்பது போலவே.

பராமரிப்பு

சமையலுக்கு என்றால் நறுக்கியவுடன் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு துளி. நாள்கணக்கில் எடுக்காமல் வைப்பதற்கு மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் மேல். அது சிக்கு வாடை அடிக்காது. தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் வாரம் ஒரு முறையாவது எடுத்துப் பார்த்துத் துடையுங்கள். பயன்படுத்தப் பயன்படுத்த மாங்காயும் வெங்காயமும் தாங்களாகவே நிறம் சேர்க்கும்.

மிச்சமான வினிகரையும் கடுக்காய்த் தண்ணீரையும் நிறையத் தண்ணீரோடு சாக்கடையில் ஊற்றிவிடலாம். ஃபெர்ரிக் குளோரைடு பல முறைக்கு வரும். மூடி இறுகும் பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, மேலே பெரிதாக ‘விஷம்’ என்று எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஒருபோதும் வேண்டாம், பார்ப்பதற்குக் கோலா மாதிரியேதான் இருக்கும். இனி வேலைக்கு ஆகாது என்ற நிலைக்கு வந்ததும், நுரைப்பது நிற்கும்வரை ஆப்பசோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பழுப்புச் சேறு அடியில் தங்கியதும் மேல் தண்ணீரை நிறையத் தண்ணீர் கலந்து வெளியேற்றிவிட்டு, சேற்றைக் காயவைத்துப் பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். காலி கேனை யாரும் தண்ணீர் பிடிக்க எடுக்காதபடி அடியில் ஒரு ஓட்டை போட்டுவிடுங்கள்.